என் மூன்று விரல்கள், அவனுடைய இரண்டு கண்கள்

1

திரி பற்றிய டைனமைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நெருப்பு அணைந்துவிட்டதோ என்று வாயால் ஊதிப் பார்த்தவன் நான். என்னைவிடப் பெரிய முட்டாள் இருக்கலாம். ஆனால் அவனால் எழுத முடியாது, அவனிடம் கை இருக்காது. எனக்கு வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின. பேனா பிடிக்கவும் மூக்கைச் சொறியவும் அவை போதும்.

போதாது என்று சென்ற மாதம்தான் தெரிந்தது. இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போக எனக்கும் மனைவிக்கும் இடம் கிடைத்தது. வீசாவுக்குக் கைரேகை வேண்டுமாம். முன்பு போல அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, போனில் ஒரு செயலியை இறக்கி விரல்களைக் காட்டினால் போதும். என் மகள் ஹிபா பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள். அவள் போனைப் பிடித்தாள், நான் கையைக் காட்டினேன்.

“நான்கு விரல்களையும் சட்டத்துக்குள் வையுங்கள்” என்றது செயலி. நான் இருந்த ஒன்றை வைத்தேன். “விரல்களை விரியுங்கள்” என்றது. விரித்தேன். ஒற்றை விரலை எப்படி விரிப்பது என்று கேட்காதீர்கள், முயற்சி செய்தேன். இடது கையைத் திருப்பி வலது கைபோலக் காட்டினேன். செயலி என்னைவிடக் கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டது. கடைசியில் “விரல் இல்லை” என்ற கட்டத்தை ஹிபாதான் தேடி எடுத்தாள். அதன் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. “காரணம்.”

இந்தக் கட்டம் எனக்குப் பழைய எதிரி. இங்கிலாந்துக்கு வந்த புதிதில், கை ஊனத்துக்கான படிவம் ஒன்றில் இதே கட்டத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் “மீன்” என்று எழுதினேன். அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன மீன் என்று கேட்டார். சின்ன மீன்கள் என்றேன். அவர் என் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார், கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

ஹிபா கோடு போடுகிறவள் அல்ல. அவளுடைய தமிழ் “சோறு வேணாம், பசிக்கல்ல” என்பதோடு நின்றுவிட்டது, மற்றதெல்லாம் இங்கிலிஷ்தான். பன்னிரண்டு வயது வரைக்கும் வாப்பாவின் விரலைச் சுறா தின்றது என்று நம்பியிருந்ததாகச் சொன்னாள். பிறகு பள்ளிவாசலில் நான் பேசியபோது அது வெடி என்று அறிந்தாளாம். மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறதா, இருந்தால் அதையே கட்டத்தில் எழுதிவிடலாம் என்றாள்.

இருக்கிறது. அதை இப்போது ஊருக்கு எழுதுகிறேன்.

2

நம் கடற்கரை ஊரான கண்டக்குழியில் நஸீரைத் தெரியாதவர் இல்லை. என் மாமாவின் மகன், எனக்கு மச்சான். வயதில் என்னைவிட ஒன்று கூட, மூளையில் குறைந்தது பத்து கூட. டைனமைட் வெடித்து மீன் பிடிப்பது என் யோசனை. கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்த ஒருவனிடம் நான்தான் துண்டு துண்டாக வாங்கிவந்தேன். நஸீருக்கு அது பிடிக்கவே இல்லை. வள்ளம் அவனுடைய வாப்பாவுடையது, என்னை நம்பி எஞ்சினை விட அவனுக்கு மனமில்லை. அதனால்தான் வந்தான்.

“வெடி உன்ட பாவம், எஞ்சின் எங்கட வாப்பாட. நான் எஞ்சினுக்குத்தான் வாறன்” என்று ஏறும்போதே சொன்னான்.

கரை மெல்லிசாகத் தெரியும் தூரத்தில் கும்புளா மீன் கூட்டம் ஒன்று தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு போனது. திரி நீளமாக இருந்தால் வெடிப்பதற்குள் மீன் போய்விடும் என்று நான் அதைக் குட்டையாக வெட்டியிருந்தேன். வாயில் இருந்த பீடியால் பற்றவைத்தேன். ஒரு சீறல், கொஞ்சம் புகை, பிறகு ஒன்றுமில்லை.

“எறி” என்றான் நஸீர்.

“அணைஞ்சிட்டு மச்சான்” என்று சொல்லிவிட்டு ஊதினேன். சோற்றுப் பானைக்கு அடுப்பு ஊதுவது போல, கன்னம் உப்ப.

நஸீர் எழும்பிவிட்டான். எஞ்சின் பிடியை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து என் மணிக்கட்டில் கீழிருந்து ஓங்கி அடித்தான். துண்டு என் விரல்களை விட்டு எழும்பியது. எழும்பிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று நெஞ்சில் உதைத்தது. எழுந்து பார்த்தபோது என் கையின் பாதி, தோலுரித்த மரவள்ளிக்கிழங்கு போல வெள்ளை எலும்பாக நின்றது. அதற்குப் பிறகுதான் இரத்தம், குழாய் திறந்தது போல. நஸீர் வள்ளத்தின் அடித்தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் கறுப்பும் சிவப்பும் குழைந்த சதை. அந்தத் தண்ணீர் முழுக்க இரண்டு பேருடைய இரத்தம். அவன் அதற்குள் கையை விட்டுத் தடவித் தடவிப் பின்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

“எஞ்சின் ஓடுதா?” என்று கேட்டான்.

ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தான் எனக்குத் தெரியாது. கண் போனவன் சொல்லச் சொல்ல, கை போனவன் திருப்பினேன். அலை எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, பள்ளி மினாரா எந்தத் தோளுக்கு நேரே நிற்கிறது என்று அவன் கேட்பான், நான் அழுதுகொண்டே பதில் சொல்வேன். அப்படித்தான் கரைக்கு வந்தோம். அன்றைக்கு அந்த வெடியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

3

புத்தளம் ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் ஒருவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். நஸீர் அப்போது மறுபடியும் சத்திரசிகிச்சை அறைக்குள் இருந்தான். யார் கொண்டுவந்தது, யார் பற்றவைத்தது என்று அவர் கேட்டார். அவன் கொண்டுவந்தான், அவன் பற்றவைத்தான், நான் தட்டிவிடப் போனேன் என்றேன். அவன் செய்ததை எனக்கும் நான் செய்ததை அவனுக்கும் மாற்றிச் சொல்லி எழுதவைத்தேன். வள்ளம் அவனுடைய வாப்பாவுடையது என்பதால் பொலிஸ் அதை நம்பிவிட்டது. மயக்க மருந்து என்று சொல்லித் தப்பலாம். மருந்து இறங்கி மூன்று நாள் ஆன பிறகுதான் சொன்னேன்.

நஸீர் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு, கண்ணில் கட்டோடு ஊருக்கு வந்தான். கரைவலைக்காரர்களுக்கு அந்த வருஷம் மீனே படவில்லை. வெடி போடுகிறவர்கள் குஞ்சு குருமானையும் கொன்றுவிட்டார்கள் என்ற ஆத்திரம் கரை முழுக்க இருந்தது. அந்த ஆத்திரத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. நான் கொடுத்த முகம் கண்ணில் கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கியது.

வலைக்கயிற்றை முடிச்சுப் போட்டு அடித்தார்கள். ஒருவன் துடுப்பால் விலாவில் குத்தினான். அடி எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் அடி விழும்போது அவன் வலப்பக்கம் கையைத் தூக்கினான். அதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். விழுந்தான், எழுந்தான், கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தண்ணீரை நோக்கியே ஓடினான். இழுத்துக்கொண்டு வந்து மறுபடி அடித்தார்கள். வாயிலிருந்து பல்லோடு இரத்தத்தை மணலில் துப்பினான்.

நான் பத்தடி தூரத்தில், கவிழ்த்துவைத்த வள்ளத்தின் மேல், கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், கை போன பிள்ளை என்று யாரோ பிளேன்டீ கொண்டுவந்து தந்திருந்தார்கள்.

“நீயும் ஒண்டு குடுடா. உன்ட கையத் திண்டவன்” என்றான் துடுப்புக்காரன்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சிந்தாமல் வைத்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. போய் இடது கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

நஸீர் தலையைத் திருப்பவில்லை. மூக்கை மட்டும் ஒருதரம் உறிஞ்சினான்.

“மருந்து மணக்குது. நீதானே?” என்றான்.

எனக்கு மட்டும் கேட்கும்படி, மெல்லச் சொன்னான். அன்றைக்கு அந்தக் கரையில் உரக்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், துடுப்பு என் பக்கம் திரும்பியிருக்கக்கூடும். அவன் சொல்லவில்லை. அந்தக் கிழமையே நான் கொழும்புக்குப் போனேன். அங்கிருந்து கட்டார், பிறகு இந்தக் குளிர்.

4

வட இங்கிலாந்தில் ஒரு பஸ் டிப்போவில் நான் பஸ் கழுவுகிறேன். ஊரில் இதைச் சொல்லும்போது “போக்குவரத்துத் துறை” என்று சொல்வேன். வந்த முதல் ஏழு வருஷம் பஸ்ஸைக் கழுவியதைவிட மனிதர்களை அடித்ததுதான் அதிகம். மூன்று விரல் இல்லாத கையால் குத்து விட முடியாது, முழங்கையால் நன்றாக இடிக்கலாம். என்னை நண்டு என்று கூப்பிட்ட ஒருவனுடைய மூக்கை பஸ்ஸுக்குள் வைத்து உடைத்தேன். அந்த இரத்தத்தை நானே கழுவவேண்டியிருந்தது, அது என் வேலை. வீட்டில் குளியலறைக் கதவில் ஓட்டை, சமையலறைச் சுவரில் பள்ளம். ஒருநாள் தட்டு ஒன்று ஹிபாவின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரில் உடைந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. எறிந்தவன் நான். மனைவி அன்று மாலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிப்போவில் பஸ் ஓட்டும் சோமாலியர் ஒருவர்தான் எங்கள் பள்ளியின் இமாம். அவர் எனக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தொழுகையில் தன் பின்னால் முதல் வரிசையில் வந்து நில் என்றார், அவ்வளவுதான். நின்றேன். நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குப் போகும்போது இரண்டு உள்ளங்கைகளும் தரையில் படவேண்டும். என் அரைக் கை விரிப்பில் பட்டபோது, விரல் போன இடம் சுள்ளென்று எரிந்தது. எந்த நாளும் ஐந்து வேளை, அடிக்க ஓங்கும் கையைத் தரையில் விரித்து வைத்தால், அது மெல்ல மெல்ல ஓங்க மறந்துபோகிறது. ஒரு வருஷத்துக்குப் பிறகு மனைவி திரும்பி வந்தாள். இதில் பகிடி இல்லை, சிரிக்காதீர்கள். அல்லாஹ் என்னைத் தூக்கி எடுத்தான்.

பகிடி அதற்குப் பிறகுதான். எங்கள் பள்ளியில் மாதம் ஒருதரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு கூட்டம் நடக்கும். விழுந்து எழும்பியவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள், குடியை விட்டவர், சிறையிலிருந்து வந்தவர் என்று. இமாம் என்னையும் பேசச் சொன்னார். பேசினேன். என் உடைந்த இங்கிலிஷே எனக்கு உதவி செய்தது. நான் சொல் தேடித் திணறிய இடத்திலெல்லாம் சனம் நான் அழுகிறேன் என்று நினைத்து அழுதது.

பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் கூப்பிட்டன. ஊருக்கு ஊர் வெடி பெரிதானது. இரண்டாவது ஊரில் நான் கடலில் விழுந்து, கலிமா ஓதிக்கொண்டு மிதந்தேன். உண்மையில் கடல் என் முழங்காலைக்கூட நனைக்கவில்லை. மூன்றாவது ஊரில் சுறா வந்து என்னைச் சுற்றிவிட்டுப் போனது. நஸீர் முதல் பேச்சில் “ஒரு தோழர்” ஆக இருந்தான். இரண்டாவதில் “வள்ளத்தில் வந்த ஒருவர்”. மூன்றாவதில் வள்ளத்தில் என்னைத் தவிர யாருமே இல்லை. அந்த மூன்றாவதைத்தான் யாரோ வீடியோ எடுத்தார்கள். அது போனுக்குப் போன் தாவிக் கரைத்தீவு, புத்தளம் எல்லாம் போய்க் கண்டக்குழிக்கும் போயிருக்கிறது.

5

ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பது நம் வழக்கம். எனக்கு வீடு வீடாகப் போகக் கடல் குறுக்கே கிடக்கிறது. ஒரே ஒரு வொய்ஸ் பேசி, வாட்சப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். “அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ் ஹஜ்ஜுக்குப் போறேன். நான் தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புத் தாங்க.” எனக்கு முடி வெட்டும் துருக்கிக்காரருக்கும் அது போய்விட்டது. அவர் பெருவிரலைக் காட்டிப் பதில் அனுப்பினார். மாப்பு, மாப்பு, மாப்பு என்று நாள் முழுக்கப் போன் குலுங்கியது. இவ்வளவு லேசாகப் பாவம் கரையும் என்று தெரிந்திருந்தால் முதலே அனுப்பியிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து என் ராத்தா போன் எடுத்தாள். சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“எல்லாருக்கும் அதே வொய்ஸா அனுப்பின?”

“ஓம் ராத்தா.”

“நஸீர்ர பொஞ்சாதிட போனுக்கும்?”

அனுப்பிய பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன், இருந்தது.

“சுன்னத்துக் கலியாணத்துக்குச் சொல்ற மாதிரிச் சொல்லியிருக்கிற. தெரிஞ்சோ தெரியாமலோவாம். எதுடா நீ தெரியாமச் செஞ்சது?”

ராத்தாவுக்கு எப்போதோ தெரியும். பீடியால் பற்றவைத்தது என்று பொலிஸில் எழுதியிருந்ததாம். நஸீர் வாழ்க்கையில் பீடி குடித்ததில்லை. ஊரில் யோசிக்கிற எவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், எல்லாரும் யோசிக்காமல் இருந்துகொண்டார்கள் என்றாள். தானும் தம்பி என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாளாம். “என்ட பாவத்துக்கு நான் போய் மாப்புக் கேட்டுட்டன். உன்டதுக்கு நீ கேளு” என்றாள்.

நஸீரின் மனைவி லொட்ஜ்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் சமைத்துக் கொடுக்கிறாள். அவன் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறான். அவனுக்கு அந்த வீடியோவையும் போட்டுக் காட்டினார்களாம். காட்டினார்கள் என்பது பழக்கத்தில் வந்த வார்த்தை. கேட்கவைத்தார்கள். சுறா வந்து போகும் வரைக்கும் முழுக்கக் கேட்டானாம்.

“முடிஞ்ச பிறகு ஒண்டே ஒண்டுதான் கேட்டான்” என்றாள் ராத்தா. “அப்ப எஞ்சின் யாரு ஓட்டினதாம் எண்டு.”

6

இமாமிடம் போனேன். அவர் பஸ்ஸைக் கழுவ என்னிடம் ஒப்படைக்கும் நேரம். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே முழுவதையும் கேட்டார். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், ஒரு மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் கையெழுத்துப் போடமாட்டான் என்றார். எனக்கும் இது தெரியும். மதரசாவில் பிரம்படியோடு படித்ததுதான். ஹஜ் போனால் அன்று பிறந்த பிள்ளையைப் போலத் திரும்பலாம் என்பார்கள். நஸீருடைய மாப்பு இல்லாமல் போனால், நான் வெயிலில் ஒரு சுற்றுலா போய்வந்தவன்தான். அவர் இன்னொன்றும் சொன்னார். பொய்யை எந்த இடத்தில் நின்று சொன்னாயோ அங்கே நின்றே உண்மையைச் சொல்.

போன மாதக் கூட்டத்தில் சொன்னேன். ஊதியதைச் சொன்னபோது சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மணிக்கட்டில் விழுந்த அடியைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. பொலிஸுக்குச் சொன்னதைச் சொன்னேன். கோப்பையைச் சிந்தாமல் கீழே வைத்ததைச் சொன்னேன். அறைந்ததைச் சொல்லும்போது என் இடது கை தானாக மேலே எழும்பியது. முன் வரிசையில் இருந்த ஒருவர், முதல் பேச்சில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர், எழுந்து செருப்பைக் கையில் எடுத்தார். எறியப்போகிறார் என்று நினைத்தேன், எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஹிபா மேல் மாடியில் பெண்கள் பக்கம் இருந்தாள். காரில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தட்டு எறிந்தது தனக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மூன்று வயதில் நடந்தது நினைவிருக்காது என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் செயலியைத் திறந்து காரணக் கட்டத்தை நிரப்பினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தியவர்களுக்கும் போய்ச் சேரட்டும். டைனமைட் கொண்டுவந்தவனும் பற்றவைத்தவனும் நான். நஸீர் என் உயிரைக் காப்பாற்றித்தான் கண்ணைக் கொடுத்தான். துடுப்பும் கயிறும் எடுத்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் அவன் வீட்டுக்கு நடந்தே போகலாம். எனக்குத்தான் கடல் குறுக்கே கிடக்கிறது, உங்களுக்கு இல்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் நஸீருடைய மனைவியின் போனுக்கு எடுத்தேன். யார் என்று சொன்னேன். கட் பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு போன் கை மாறியது. காற்று இரைந்தது, யாரோ மூச்சு விட்டார்கள்.

எழுதிவைத்துத்தான் பேசினேன். எழுதியதில் இரண்டு பகிடி இருந்தது, அந்த இடத்துக்கு வந்ததும் வாயில் வரவில்லை, தாண்டிப் போனேன். தெரிந்தோ தெரியாமலோ என்று சொல்லவில்லை. தெரிந்து செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். திரியை வெட்டியது, ஊதியது, ஆஸ்பத்திரி, கரை, அறைந்தது, ஓடிப்போனது, மூன்று ஊர்ப் பேச்சு. சுறாவையும் சொன்னேன். ஊருக்கு எழுதப்போகிறேன் என்றேன். பொலிஸில் போய்ச் சொல்லச் சொன்னால் டிக்கெட் போட்டு வந்து சொல்கிறேன் என்றேன். கடைசியில், மச்சான், எனக்கு மாப்புத் தா என்று கேட்டேன். இருபத்தெட்டு வருஷமாக யாரையும் நான் மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

நஸீர் தொண்டையைச் செருமினான்.

“மாப்புத் தந்துட்டன், இனி எனக்குக் கோல் எடுக்காத.”